நீராவியா, நீர்ப்பரப்பா? மேற்கு ஹைலேண்ட் பாதையில் ரயிலைப் படமெடுக்க எங்கே நிற்பது

ஸ்காட்லாந்தின் மேற்கு ஹைலேண்ட் ரயில் பாதைக்குக் கேமராவுடன் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே கிடைப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரையிலான பகுதி 1894-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து மல்லெய்க் துறைமுகம் வரையிலான நீட்சி 1901-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்ட இந்தப் பாதை, நன்னீர் ஏரிகளையும் கடல்நீர் உட்புகுந்த கழிகளையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே செல்கிறது. அவற்றில் எதன் கரையில், எந்தப் பக்கத்தில், எந்த ரயிலுக்காக நிற்பது என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ஒற்றைப் பாதையான இதில் ஒரு நாளில் வந்துபோகும் பயணிகள் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீராவி இன்ஜினும் அசையாத நீர்ப்பரப்பும் ஒரே படத்தில் கூடிவருவது அரிது. இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், நிற்க வேண்டிய இடமும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடும்.

இதற்குக் காரணம் கடிகாரம். வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ் நிறுவனம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஃபோர்ட் வில்லியத்துக்கும் மல்லெய்க்குக்கும் இடையே இயக்கும் ஜேக்கபைட் நீராவி ரயில், பல ஆண்டுகளாகக் காலை பத்தேகால் மணி அளவில்தான் புறப்படுகிறது. இரண்டாவது சேவை ஓடும் மாதங்களில் அதுவும் பகல் நேரத்திலேயே போகிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் ரயில் என்பதால் இது இயல்பே. ஆனால் மலைப்பகுதி ஏரிகளில் நீர் கண்ணாடிபோல் நிற்பது, தெளிந்த வானிலையில், பெரும்பாலும் விடிந்த பின் ஓரிரு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும்தான். வெயில் ஏறச் சரிவுகள் சூடாகிக் காற்று எழும்பும். நீரின் மேல் சிற்றலை ஓடத் தொடங்கியதும் பிரதிபலிப்பு கலைந்துவிடும். அந்த அமைதியான வேளைகளில் பாதையில் ஓடுவன, வழக்கமான பயணிகள் சேவையை நடத்தும் ஸ்காட்ரெயில் நிறுவனத்தின் இரண்டு பெட்டி டீசல் ரயில்களும், லண்டனிலிருந்து வரும் இரவு ரயிலான கலிடோனியன் ஸ்லீப்பரும், சில நாள்களில் சரக்கு ரயிலுமே. இவற்றைப் படமெடுக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்கிவிட்டு நீராவிக்காக மட்டும் காத்திருப்பவர்கள், இந்தப் பாதையின் ஆகச் சிறந்த ஒளியைப் படுக்கையிலும் விடுதி உணவறையிலும் கழித்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து வெயில் வரும் திசையைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரை ரயில் படத்துக்கு அடிப்படையில் இரண்டே அமைப்புகள் உள்ளன. எதிர்க்கரையில் நின்றால் ரயிலுக்கு முன்னால் நீர் அமையும், பிரதிபலிப்பும் கிடைக்கும். பாதைக்கு மேலுள்ள சரிவில் ஏறி நின்றால் ரயிலுக்குப் பின்னால் நீர் விரியும். இந்தப் பகுதி ஏறத்தாழ 57 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலேதான் நிற்கும். ஜூனிலோ வடகிழக்கில் உதித்து, இரவு பத்து மணிக்குப் பிறகு வடமேற்கில் மறையும். தலைக்கு மேல் எரியும் உச்சிவெயிலுக்குப் பழகிய நம் கண்ணுக்கு இது புதிது. பகல் முழுவதும் சாய்வான ஒளி கிடைப்பதே ஒரு கொடை. ஆனால் அந்த ஒளி பெரும்பாலும் தெற்கிலிருந்தே வருகிறது. ஆகவே பாதை ஏரியின் வடகரையில் ஓடுகிறதா, தென்கரையில் ஓடுகிறதா, கிழக்கிலா, மேற்கிலா என்பதைக் கொண்டுதான் ஒவ்வோர் இடத்தின் நல்ல நேரமும் அமைகிறது. மூன்றாவதாக, பாதைக்கும் நீருக்கும் நடுவே கார்ச் சாலை ஓடுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் இதைக் கவனியாமல் போனவருக்கு, ரயிலும் நீரும் அழகாக அமைந்த படத்தின் குறுக்கே ஒரு சுற்றுலாப் பேருந்து நிற்கும்.

எல்லோரும் முதலில் நினைப்பது, ஃபோர்ட் வில்லியத்துக்கும் மல்லெய்க்குக்கும் இடையே உள்ள கிளென்ஃபின்னன் பாலத்தை. 21 வளைவுகளும் 380 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் கொண்ட இந்தப் பாலம், இரும்புக் கம்பி எதுவும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டால் கட்டப்பட்டது. கட்டிய ராபர்ட் மக்அல்பைனுக்குக் ‘கான்கிரீட் பாப்’ என்றே பெயர் வந்தது. பாலம் முழுவதும் ஒரே சீரான வளைவில் செல்வதால், ஒரு முனையில் நிற்பவருக்கு இன்ஜினும் கடைசிப் பெட்டியும் ஒரே பார்வையில் தெரியும். ரயில் படத்துக்கு இதைவிட வசதியான அமைப்பைக் காண்பது கடினம். நீராவிக்கும் இது உகந்த இடமே. மல்லெய்க் நோக்கிச் செல்லும்போது பாதை இங்கே ஏற்றத்தில் இருக்கிறது, இன்ஜின் உழைத்தபடி வருகிறது, புகைபோக்கியும் பொதுவாக முன்னால் இருக்கிறது. திரும்பி வரும்போது இன்ஜின் பெரும்பாலும் நிலக்கரி வண்டியை முன்னே தள்ளிக்கொண்டு பின்னோக்கியே ஓடுவதால், முகம் தெரியும் படம் வேண்டுவோருக்கு மேற்கே செல்லும் ஓட்டமே பயன்படும்.

ஆனால் இந்தப் பாலத்தைத் தேடி வருகிறவர் மனத்தில் வைத்திருக்கும் படத்தில் பாலம் மட்டும் இருப்பதில்லை. பின்னால் ஷீல் ஏரியும், 1745-இல் ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணை ஏற்றக் கிளம்பிய ஜேக்கபைட் கிளர்ச்சிக்குக் கொடி ஏற்றப்பட்டதை நினைவுகூரும் தூணும் இருக்கும். ஷீல் ஏரி பாலத்துக்குத் தெற்கே கிடக்கிறது. எனவே ஏரியும் பாலமும் சேர்ந்த படத்துக்கு நாம் வடக்கே நின்று தெற்கு நோக்க வேண்டும். நீராவி ரயில் கடக்கும் முற்பகலில் சூரியனோ தென்கிழக்கில் நிற்கும். இன்ஜினின் பக்கவாட்டில் நிழலும், ஏரியின் மேல் கண்கூசும் வெண்மையும் விழும். எதிர்வெளிச்சத்தில் நீராவி மட்டும் ஒளிர்ந்து எழுவதை விரும்பும் சிலருக்கு அது பொருந்தலாம். கரும்பச்சை மலைகளுக்கு முன்னால் மெரூன் நிறப் பெட்டிகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பவர் தெற்குப் பக்கத்துச் சரிவிலேயே நிற்க வேண்டும், ஏரியை விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது, ஏரிப் பாதையின் மிகப் புகழ்பெற்ற இடத்தில், நல்ல ஒளியில் எடுத்த படத்தில் ஏரி இராது. வானம் சீராக மூட்டம் போட்ட நாளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அன்று வடக்குச் சரிவே மேல்.

கூட்டமும் இங்கே ஒரு காரணி. ஹாரி பாட்டர் திரைப்படங்களில் இந்தப் பாலம் இடம்பெற்ற பிறகு, கோடைக் காலத்தில் வாகன நிறுத்துமிடம் ரயில் வருவதற்கு வெகுமுன்பே நிரம்பிவிடுகிறது. காரில் வந்து இடம் தேடி அலைவதைவிட, ஃபோர்ட் வில்லியத்திலிருந்து காலையில் புறப்படும் சாதாரண ரயிலில் வந்து கிளென்ஃபின்னன் நிலையத்தில் இறங்கி, பாலத்தை நோக்கிச் செல்லும் மலைத்தடத்தில் நடப்பதையே பரிந்துரைப்பேன். நீராவி ரயிலுக்கு முன்பாகவே அது வந்து சேர்ந்துவிடுவது வழக்கம். நின்று இடம் பார்க்கவும், சூரியன் எங்கே வரும் என்று கணிக்கவும் நேரம் இருக்கும். ஏப்ரல் அல்லது அக்டோபரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த ஈரக் காற்றில் நீராவி கலையாமல் பஞ்சுப்பொதிபோல் ரயிலின் நீளத்துக்கும் தொங்கும். ஜூலை வெப்பத்தில் அதே இன்ஜின் விடும் ஆவி புகைபோக்கியை விட்டு வெளிவந்த மாத்திரத்தில் மறைந்துவிடும்.

நீராவி உழைப்பதைப் பார்க்க வேண்டும், கூட்டமும் வேண்டாம் என்பவருக்கு நன் உவா கடற்கழி நல்ல மாற்று. கிளென்ஃபின்னனை அடுத்து வரும் லொக்கைலர்ட் நிலையத்துக்கு மேற்கே பாதை இந்தக் கழியின் வடகரையை ஒட்டி வந்து, ஒரு கான்கிரீட் பாலத்தைக் கடந்து, பீஸ்டேல் நிலையம் நோக்கி 48-க்கு 1 என்ற கடும் ஏற்றத்தில் ஏறுகிறது. மேற்கு நோக்கிய ஓட்டத்தில் நீராவி இன்ஜின் மிகுதியாகத் திணறும் இடங்களில் இது ஒன்று; படம் எடுப்பதற்கு முன்பே ஒலி மலையிடுக்கில் மோதிக் காதை எட்டும். எட்டு வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்தின் நடுவில் பருத்த கான்கிரீட் தூண் ஒன்று உள்ளது. கட்டுமானத்தின்போது ஒரு குதிரையும் வண்டியும் தூணுக்குள் விழுந்து புதைந்தன என்ற கதை நெடுங்காலம் கிளென்ஃபின்னன் பாலத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டு வந்தது. 2001-இல் கருவிகளால் ஊடுருவிப் பார்த்தபோது அவை இந்த நன் உவா தூணுக்குள் இருப்பது தெரியவந்தது. அதை அறிந்த பிறகு அந்தத் தூணை வெறும் வடிவமாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. ஒளியைப் பொறுத்தவரை, வடகரைப் பாதை என்பதால் தெற்கு வெயில் ரயிலின் மேல் நேராக விழும். ஆனால் நல்ல ஒளியில் நிற்பவருக்குக் கழி முதுகுக்குப் பின்னால் போய்விடும். சாலையும் அருகிலேயே ஓடுகிறது. நீராவியின் உழைப்புக்காக இங்கே வரலாம், நீர்ப்பரப்புக்காக அல்ல.

நீர்ப்பரப்புக்கு என் தேர்வு ஈல்ட் ஏரி. கிளென்ஃபின்னனுக்கும் லொக்கைலர்ட்டுக்கும் இடையே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் இந்த ஏரியில், ரயில் பாதை தென்கரையிலும் ஏ830 நெடுஞ்சாலை வடகரையிலும் செல்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்த இடங்களில், சாலை வசதியும் கிடைத்து, சாலை படத்துக்குள்ளும் வராமல் இருப்பது இங்கே மட்டுமே. கார் நம் பக்கத்தில் நிற்கும். எதிரே நீர், அதற்கு மேல் தண்டவாளம், அதற்கு மேல் மலை, வேறெதுவும் இல்லை. ஏரியின் நடுவே பைன் மரங்கள் நிற்கும் சிறு தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, ரயில் அதன் பின்னாலிருந்து வெளிப்படும் கணத்தில் ஷட்டரை அழுத்தினால், படத்துக்கு ஆழம் தானே வந்துவிடும்.

குறை என்னவென்றால், வடகரையில் நிற்கும் நாம் தெற்கு நோக்கிப் பார்க்கிறோம். நீராவி ரயில் கடக்கும் முற்பகலிலும் நடுப்பகலிலும் சூரியன் நமக்கு எதிரே இருக்கும்; ரயில் தென்மலையின் நிழலடியில் கரிய கோடாகத் தெரியும். மேலும் கிளென்ஃபின்னன் உச்சியைத் தாண்டிய இன்ஜின் இங்கே இறக்கத்திலும் சமதளத்திலும் ஓடுவதால், ஆவியும் அதிகம் விடாது. நீராவி வேட்டைக்கு வந்தவர் ஈல்ட் கரையில் ஏமாற்றமடைவதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும். ஆனால் மே மாதத்திலிருந்து ஜூலை முடிய நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மல்லெய்க்கிலிருந்து அதிகாலையில் புறப்படும் முதல் ரயில் கடக்கும்போது சூரியன் வடகிழக்கு வானில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் மல்லெய்க்கை விட்டுக் கிளம்பும் ரயில் கடக்கும்போது அது மேற்கையும் தாண்டி வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு வேளையும் வெயில் நம் தோளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்து தென்கரைமேல் விழும். காற்றும் அடங்கியிருந்தால், நீலமும் வெள்ளையுமான அந்த இரண்டு பெட்டி ரயில் நீருக்கு மேலே ஒன்றும் நீருக்குள்ளே ஒன்றுமாக ஓடும். மலைமுகடுகளின் நிழல் எந்த இடத்தில் எப்போது கரையை மூடுகிறது என்பதை மட்டும் முந்தின மாலையே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முகட்டின் நிழலிலிருந்து விலக நூறு மீட்டர் நகர்ந்தாலே போதும் என்று சில நேரம் தெரியவரும்.

‘வகை 156’ எனப்படும் இந்த டீசல் ரயில்கள் 1980-களின் இறுதியிலிருந்து இந்தப் பாதையில் ஓடுகின்றன. ஒரு தலைமுறைக்கு மேலாக இந்தக் கரையோர மக்களைப் பள்ளிக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இவைதாம். இந்த நிலத்தோடு ஒட்டி வாழும் ரயிலைப் படமெடுக்க வந்தோம் என்று எண்ணினால், அந்தச் சிறு டீசல் ரயிலுக்கு நீராவியை விடக் குறைந்த உரிமை உண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தின் அளவிலும் அது பொருந்துகிறது: பெரிய மலைக்கும் பரந்த நீருக்கும் நடுவே இரண்டே பெட்டிகள் ஊர்வதுதான் இந்த நாட்டின் உண்மையான விகிதம்.

ஈல்ட் ஏரியைப் பற்றிப் பேசும்போது, பாலத்தில் படமெடுத்துவிட்டு அதே நீராவி ரயிலைக் காரில் முந்திக்கொண்டு இங்கே வந்து மறுபடி எடுக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரயில் கிளென்ஃபின்னன் நிலையத்தில் எதிர் ரயிலுக்காகவும் பயணிகளுக்காகவும் சற்று நேரம் நிற்பதால், இது முடியக்கூடியதுதான். ஆனால் நெரிசலான நிறுத்துமிடத்திலிருந்து அவசரமாக வெளியேறி, வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் வேகமாக ஓட்டி, கிடைத்த இடத்தில் வண்டியை ஒதுக்கிக் கரைக்கு ஓடுவதன் பயன் என்ன என்று பார்த்தால், எதிர்வெளிச்சத்தில் ஒரு கரிய ரயில். அந்தச் சாலையில் வருபவர்களின் பாதுகாப்பையும் நம் பாதுகாப்பையும் கருதி, இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

லோமண்ட் ஏரியைப் பற்றிய எதிர்பார்ப்பு பெரிது. பரப்பளவில் பிரிட்டனின் மிகப் பெரிய ஏரி அது. கிளாஸ்கோவுக்கு மிக அருகில் இருப்பதும், ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்பதும் அதன் வசதிகள். அரோக்கர்–டார்பெட் நிலையத்திலிருந்து ஆர்ட்லுய் வரை பாதை மேற்குக் கரையின் சரிவில், கீழே ஓடும் ஏ82 சாலைக்கு மேலாகச் செல்கிறது. கிழக்கு நோக்கிய சரிவு என்பதால் காலை வெயில் அதன்மேல் நேராகப் படும். ஏழு மணிக்குப் பிறகு இங்கே வந்துசேரும் லண்டன் இரவு ரயிலுக்கு இதைவிட ஏற்ற ஒளி வேறெங்கும் இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. சரிவு முழுவதும் மரங்கள்; இலை தழைத்த மாதங்களில் ரயில் சில இடைவெளிகளில் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். இலை உதிர்ந்த மாதங்களிலோ, எதிர்க்கரை மலைகளின் பின்னாலிருந்து சூரியன் எழும் முன்பே இரவு ரயில் போய்விடும். இலையும் இல்லாமல் வெயிலும் படும்படியாக அமைவது மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும், கிளாஸ்கோவிலிருந்து காலையில் வரும் முதல் ஸ்காட்ரெயில் வண்டிக்குத்தான். அப்போதும் கிழக்குக் கரையில் இன்வர்ஸ்னைட் பக்கம் நின்று நீருக்குக் குறுக்கே நீண்ட லென்ஸால் எடுக்க வேண்டியிருக்கும். கீழே சாலையின் வண்டிகளும் சேர்ந்தே வரும். நகரில் தங்கியிருந்து அரை நாள் மட்டும் ஒதுக்க முடிந்தவருக்கு இது போதுமானது. தனியே இதற்காகத் திட்டமிட்டுப் போக வேண்டியதில்லை.

ஃபோர்ட் வில்லியத்தை அடுத்த ஈல் கழியை ஓரிரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். பாதையும் சாலையும் வடகரையில் ஒன்றாகவே ஓடுகின்றன. தென்கரையிலிருந்து பார்த்தால் ஒளி நன்றாக இருக்கும், ஆனால் ரயில் மிகச் சிறிதாகிவிடும்.

கிரியன்லாரிக் நிலையத்தில் பிரிந்து ஓபன் என்னும் துறைமுக ஊருக்குச் செல்லும் கிளையில் உள்ள ஆவ் ஏரிக்கு இன்னும் கூடுதலான கவனம் தகும். இங்கும் பாதை வடகரையில், தெற்கு நோக்கி அமைந்திருப்பதால், நாள் முழுவதும் வெயில் ரயிலின் முகத்தில் விழுகிறது. வேறெந்த இடத்திலும் நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலையின்றி நிற்க முடியாது. ஏரியின் வடகிழக்கு முனையில் 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கில்கர்ன் கோட்டை நிற்கிறது. கோட்டைக்குச் செல்லும் நடைபாதையே ரயில் பாலத்தின் அடியில் புகுந்துதான் போகிறது. தெற்கே ஏ819 சாலையோரத்திலிருந்து நீருக்குக் குறுக்கே கோட்டையையும் பின்னால் ரயிலையும் மலையையும் ஒரே வரிசையில் அடுக்கலாம். மேற்கே பிராண்டர் கணவாயில் மலை செங்குத்தாக இறங்க, ரயில் பாதை மேலும் சாலை கீழுமாக நீரை ஒட்டி நெருக்கியடித்துச் செல்கின்றன. மேலிருந்து பாறை உருண்டால் எச்சரிக்கும்படி 1880-களில் பாதையோரம் கம்பிவேலி ஒன்று அமைக்கப்பட்டது. கம்பி அறுந்தால் சிக்னல்கள் தாமே அபாயக் குறிக்கு மாறிவிடும். காற்றில் அந்தக் கம்பிகள் இசைப்பதால் ‘ஆண்டர்சனின் பியானோ’ என்ற பெயர் பெற்றது. இத்தனை ஏற்பாட்டையும் மீறி 2010 ஜூனில் உருண்டு வந்த பாறையில் மோதி ஒரு பயணிகள் ரயில் தடம் விலகியது, உயிரிழப்பு இல்லை. அந்தச் சிக்னல் கம்பங்களையும் ரயிலையும் சேர்த்து எடுக்கும் படம், இந்தப் பாதை எத்தகைய நிலத்தோடு போராடி ஓடுகிறது என்பதைக் காட்டும். ஆவ் ஏரியின் குறை, சாலை எப்போதும் படத்துக்குள் இருப்பதும், நீராவி ரயில் வழக்கமாக இந்தக் கிளைக்கு வராததும்தான். வானிலையை நம்ப முடியாத நாளில், நேரம் தவறினாலும் ஏதேனும் ஒரு நல்ல படம் உறுதியாக வேண்டும் என்றால் இங்கே போகலாம்.

எஞ்சியிருப்பது ட்ரீக் ஏரி. உடல் உழைப்பை அதிகம் கேட்பதும், அதற்கு ஈடான பலனைத் தருவதும் இதுவே. ரானக் சதுப்பு நிலத்தைக் கடந்து, பிரிட்டனின் முதன்மை ரயில் பாதைகளிலேயே மிக உயரத்தில், 408 மீட்டரில், இருக்கும் கொரவர் நிலையத்தை விட்டதும், பாதை ட்ரீக் ஏரியின் கிழக்குச் சரிவில் நீருக்கு மேலாக இறங்கிச் செல்கிறது. கொரவர் நிலையத்துக்குப் பொதுச் சாலை கிடையாது. ரயிலில் வந்துதான் இறங்க வேண்டும். இங்கே சாலை படத்துக்குள் வரும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலையத்திலிருந்து ஏரியின் தென்முனை நோக்கி இறங்கும் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், நீண்ட மலைச்சரிவில் மெல்லிய கோடாகத் தண்டவாளமும் கீழே கரும்நீரும் தெரியத் தொடங்கும்.

இந்த ஏரியின் வரலாறே ரயிலோடு பின்னிக் கிடக்கிறது. ஃபோர்ட் வில்லியத்தில் அலுமினிய உருக்காலை அமைந்தபோது, அதற்கு மின்சாரம் எடுப்பதற்காக ட்ரீக் ஏரியில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். பழைய தண்டவாளத்தின் ஒரு பகுதி மூழ்கும் நிலை வரவே, பாதையைச் சரிவில் மேலே மாற்றி அமைத்தார்கள். அதே ஆலைக்கு வேண்டிய அலுமினா இன்றும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள நார்த் பிளைத்திலிருந்து இந்தப் பாதையில்தான் ரயிலில் வருகிறது. வகை 66 டீசல் இன்ஜின் உருளை வேகன்களை இழுத்துக்கொண்டு, தன் ஆலையின் அணையால் உயர்ந்த நீருக்கு மேலே போவதை ட்ரீக் கரையில் படமாக்க முடிந்தால், என்னைப் பொறுத்தவரை அது கிளென்ஃபின்னனின் எந்த நீராவிப் படத்துக்கும் குறைந்ததல்ல. சரக்கு ரயிலின் நேரம் நாளுக்கு நாள் மாறும், சில நாள் ஓடாமலும் போகும். ஆகவே அதை மட்டும் நம்பிப் போகாமல், ஓடும் ரயில்களின் நிலவரம் காட்டும் இணையதளங்களை முந்தின இரவே பார்த்துக்கொள்ள வேண்டும். கொரவரில் கைபேசித் தொடர்பை நம்ப வேண்டாம்.

ஒளியைப் பொறுத்தவரை, கிழக்குச் சரிவில் ஓடும் பாதை என்பதால் பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் வெயில் அதைத் துலக்கிக் காட்டும். காலையில், ஒன்பது மணியை ஒட்டி இரவு ரயில் கொரவரைக் கடந்து வரும்போது, பாதைக்கு மேலுள்ள சரிவில் ஏறி மேற்கு நோக்கி நின்றால், ரயிலின் மேல் வெயிலும் பின்னால் ஏரியும் அமையும். ஆனால் அந்த ரயிலிலேயே வந்து இறங்குபவர் அதைப் படமெடுக்க முடியாதல்லவா. அதற்கு முந்தின நாளே வந்து, நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசியன் ஏரிக்கரை இளைஞர் விடுதியில் தங்க வேண்டும். இரவு ரயில் சனிக்கிழமை இரவில் லண்டனை விட்டுக் கிளம்புவதில்லை. எனவே ஞாயிறு காலையில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தடம் ஈரமானது, சரிவு செங்குத்தானது, மூடுபனி சட்டென்று இறங்கும். மலைநடைக்குரிய காலணியும் மழையுடையும் வரைபடமும் இல்லாதவர் இந்தத் தேர்வை விட்டுவிடுவதே சரி.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் பொதுவான சில செய்திகள் உண்டு. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் மலையிலும் தரிசிலும் பொறுப்போடு நடந்து திரிய எவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை ரயில் வேலிக்குள் செல்லாது. ஒற்றைப் பாதை என்பதால் ஒரு ரயில் தாமதமானால், கிராசிங்குக்காக எதிரே வருவதும் தாமதமாகும். குறித்த நேரம் கடந்துவிட்டது என்று உடனே கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும் மிட்ஜ் என்னும் கண்ணுக்கே தெரியாத கடிபூச்சிகள் மொய்க்கும். நீர் கண்ணாடியாக நிற்கும் வேளையே அவற்றின் வேளையும் என்பதால், முகவலை இல்லாமல் ஈல்ட் கரையில் அரைமணி நேரம் நிற்பது பெரும்பாடு. மே மாதத்தின் முதல் பாதி அந்தத் தொல்லை குறைந்தும், மாலை ஒளி நீண்டும் இருப்பதால், நீர்ப்பரப்பை நாடுவோருக்கு அதையே சிறந்த பருவமாகக் கருதுகிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில்கள் மெதுவாகவே போகின்றன. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் பெரும்பாலும் போதும், அருகில் குறுக்கே கடக்கும் ரயிலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலத்துக்கு 24–70 லென்ஸும், எதிர்க்கரையிலிருந்து எடுக்க 70–200 லென்ஸும் பொருந்தும். போலரைசர் ஃபில்டரைப் பழக்கத்தால் மாட்டிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நீரின் பளபளப்பை நீக்கும்போது பிரதிபலிப்பையும் சேர்த்தே நீக்கிவிடும். ஈல்ட் கரையில் ரயிலின் பிம்பத்துக்காக நிற்கும்போது அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கவும்.

இனி முடிவுக்கு வருவோம். ஒரே நாள், அதுவும் வாழ்வில் ஒருமுறை நீராவி ரயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், காலை ரயிலில் கிளென்ஃபின்னன் சென்று தெற்குச் சரிவில் நில்லுங்கள். ஏரி படத்தில் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஒரே நாள், நீர்தான் வேண்டும் என்றால், மே அல்லது ஜூனில் காரை எடுத்துக்கொண்டு ஈல்ட் வடகரைக்கு மாலை ரயிலுக்காகப் போங்கள்; பகல் பொழுதை இடம் பார்க்கப் பயன்படுத்துங்கள். இரண்டு நாள் இருந்து, நடக்கக் காலில் வலுவும் இருந்தால், ஒன்றை ஈல்ட்டுக்கும் மற்றொன்றைக் கொரவர் வழியாக ட்ரீக்குக்கும் கொடுப்பேன். கிளென்ஃபின்னனை ரயிலின் சன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். வானிலை அறிக்கை இரண்டு நாளும் பலத்த தென்மேற்குக் காற்று என்று சொன்னால், ஈல்ட்டில் பிரதிபலிப்பு கிடைக்காது, ட்ரீக் தடத்தில் நடப்பதும் சரியல்ல. அப்போது தயங்காமல் ஓபன் ரயிலைப் பிடித்து ஆவ் ஏரி நிலையத்தில் இறங்குங்கள். மேகம் விலகும் ஐந்து நிமிடம் எந்த நேரத்தில் வாய்த்தாலும், அங்கே வெயில் ரயிலின் முகத்தில்தான் விழும்.